மூச்சில் இருந்த சுருதி

என் மனைவியின் குரலை ஒரு மரப்பெட்டிக்குள்ளிருந்து வெளியே எடுத்துவிடலாம் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. கேட்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகப் படும். எனக்கோ அதைவிட நியாயமான காரியம் உலகத்தில் இருப்பதாக அப்போது தோன்றவில்லை. பாடிக்கொண்டிருந்தவளால் பாட முடியாமல் போயிற்று. நான் மில்லில் எலக்ட்ரீஷியன். வீட்டில் விதவிதமாகச் சத்தம் போடுகிற மெஷின் ஒன்று சும்மா கிடந்தது. மூன்றையும் கூட்டிப் பார்த்தால் யாருக்கும் அந்த எண்ணம் வரும்.

எழுபதுகளின் பின்பாதியில் நான் பகலில் மில்லிலும் சாயங்காலங்களில் ஒரு மெல்லிசைக் குழுவிலும் இருந்தேன். குழு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தபேலா, ஒரு கித்தார், ஒரு டிரம்செட், என் ஆர்கன், பாட இரண்டு பேர். தபேலாக்காரர்தான் குழுவுக்குச் சொந்தக்காரர். மாஸ்டர் என்று கூப்பிடுவோம். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எங்கே பந்தல் போட்டாலும் போவோம். ஜனங்கள் எங்களிடம் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: ரெக்கார்டில் எப்படிக் கேட்டார்களோ அப்படியே இருக்க வேண்டும். சினிமாப் பாட்டில் நடுவே ஒரு குருவி கூவினால் நாங்களும் கூவியாக வேண்டும். இல்லாவிட்டால் முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "எங்கப்பா குருவி?" என்று கேட்பார்.

அந்தக் குழுவில் பெண்குரல் அவள்தான். முத்தியால்பேட்டையில் நெசவுக் குடும்பம். குழுவில் இருந்த ஆண்கள் எல்லாரையும் அவள் அண்ணே என்று கூப்பிடுவாள். என்னையும் அப்படித்தான். பாட்டு முடிந்ததும் திரும்பி, "அண்ணே, அந்த எடத்துல கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டீங்க," என்பாள். நான் சீக்கிரம் வரவில்லை, அவள்தான் தாமதம் என்று சண்டை போடுவேன். வீட்டுக்குப் போய் யோசித்தால் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். எங்கள் கல்யாணம் நிச்சயமானபோது குழுவே கேலி செய்து தீர்த்தது. என்னைப் பேர் சொல்லியும் கூப்பிட முடியாமல், அண்ணே என்றும் கூப்பிட முடியாமல் அவள் ரொம்ப நாள் திண்டாடினாள். கடைசியில் எல்லா வீட்டிலும் இருக்கிற 'ஏங்க'வில் வந்து நின்றது.

மெஷின் வந்த கதையைச் சொல்ல வேண்டும். கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பிரெஞ்சுக்காரர் வாடகைக்கு இருந்தார். என் வயதுதான் இருக்கும், எப்போதும் லுங்கி. அவர் வீட்டில் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால், கூடத்தில் அலமாரி உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. முன்பக்கம் முழுக்கத் திருகுகள், ஓட்டைகள். ஓட்டைக்கு ஓட்டை கலர் கலராக ஒயர்கள். கீழே ஆர்கன்போல ஒரு வரிசைக் கட்டைகள். டெலிபோன் ஆபீசைப் பிரித்துக்கொண்டு வந்துவிட்டாரோ என்று பயந்துபோனேன். அவர் ஒரு திருகைத் தொட்டார். ஸ்பீக்கரிலிருந்து கடல் வந்தது. அலை எழுந்து, உடைந்து, மணலில் இழுத்துக்கொண்டு திரும்பிப் போனது. ஜன்னலைத் திறந்தால் நிஜக் கடல் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. அதை மெஷினில் செய்வதற்காக ஒரு மனுஷன் பிரான்சிலிருந்து இத்தனை கட்டையையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாரே என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் ஆசை வந்துவிட்டது. ஃபியூஸ் சரியான பிறகும் போய்க்கொண்டிருந்தேன். அவரை முசியே என்று கூப்பிடுவேன்; பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். எனக்குத் தெரிந்தது கடைத்தெருப் பிரெஞ்சு. முசியேவுக்குத் தெரிந்தது சாப்பாட்டுத் தமிழ். ஆனால் ஒயரைப் பிடுங்கி இன்னொரு ஓட்டையில் செருகுவதற்குப் பாஷை வேண்டாம்.

அந்தப் பெட்டியில் சத்தம் போடுகிற பகுதி வேறு. அது காது கூசும்படி ஒரே மாதிரி கத்திக்கொண்டிருக்கும். கத்தலில் கீழ்ச்சத்தம், மேல்சத்தம் எல்லாம் கலந்து கிடக்கும். ஃபில்டர் என்கிற பகுதிதான் அதில் வேண்டியதை விட்டு வேண்டாததைத் தடுக்கும். காபி ஃபில்டரை நினைத்துக்கொண்டால் பாதி சரி. மீதிப் பாதி என்னவென்றால், இந்த ஃபில்டரின் ஓட்டையை நினைத்தபோது சின்னதாக்கலாம், பெரிதாக்கலாம். கையால் திருகியும் செய்யலாம். ஒரு ஒயரைச் செருகிவிட்டால் இன்னொரு பகுதியிலிருந்து வருகிற வோல்ட்டேஜே திருகிக்கொள்ளும். வோல்ட்டேஜ் மெல்ல ஏறி மெல்ல இறங்கினால், எல்லாச் சுருதியும் கலந்து 'உஸ்' என்று வருகிற வெறும் இரைச்சல் கடலாகிவிடும். இன்னொரு திருகு உண்டு. அதைத் திருப்பத் திருப்ப, ஃபில்டர் நிற்கும் இடத்துச் சத்தத்தை மட்டும் தனியாகத் தூக்கிக் காட்டும். முழுக்கத் திருப்பினால் ஃபில்டரே விசிலடிக்கத் தொடங்கிவிடும்.

முசியேவின் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்ததும் அவர் அவசரமாகக் கிளம்பினார். பெட்டியை விமானத்தில் ஏற்ற முடியாது. ஏற்கெனவே பாதிப் பகுதிகளை உப்புக்காற்று தின்றிருந்தது. என்னைக் கூப்பிட்டு, "நீ எடு," என்றார். அவர் பேசியதிலேயே சுத்தமான தமிழ் அதுதான். சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி, நான் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நடந்தே, பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"என்னா இது, அலமாரியா?" என்றாள் அவள். அடுத்த நாள் அதன்மேல் துவைத்த துணிகளை மடித்து வைத்திருந்தாள்.

கொஞ்ச காலம் அந்தப் பெட்டியால் எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். குருவி வேண்டுமா, ஃபில்டரை விசிலடிக்க வைத்து வோல்ட்டேஜை வேகமாக ஆட்டினால் குருவி. இடி வேண்டுமா, இரைச்சலைப் போட்டு ஓட்டையைப் பட்டென்று திறந்து மூடினால் இடி. விசிலடிக்கிற நிலைக்குக் கொஞ்சம் முன்னால் ஃபில்டரை நிறுத்தி, ஒரு சின்ன மின்துடிப்பைத் தட்டிவிட்டால் 'தொம்' என்று தோலில் அடித்த மாதிரி சத்தம் வரும். அதை ஒருநாள் ஒத்திகையில் வாசித்துக் காட்டினேன். மாஸ்டர் தபேலாவை உறையில் போட்டுக் கட்டிவிட்டு, "இனிமே கரண்டே தாளம் போடட்டும், நான் வீட்டுக்குப் போறேன்," என்று எழுந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்த அவள்தான் டீ வாங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். வோல்ட்டேஜை வைத்து ஆட்டிப்படைக்கும் மெஷினுக்கு எங்கள் ஊர் வோல்ட்டேஜே எமனாக இருந்தது வேறு கதை. விளக்கு மங்கினால் குருவிக்குத் தொண்டை கட்டிவிடும்.

பிறகு அவளுக்கு நிஜமாகவே கழுத்தில் கட்டி வந்தது. முதலில் தாலிக்கயிறு உறுத்துகிறது என்றாள். அப்புறம் விழுங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் எதையும் மறைக்கவில்லை. கட்டி நரம்பைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, எடுத்தால் குரல் போகலாம், எடுக்காவிட்டால் ஆளே போகலாம் என்று எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்கள். அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "எடுத்துடுங்க," என்றாள். அவள் குரலாகச் சொல்லி நான் கேட்ட கடைசி வார்த்தைகளில் அது ஒன்று. அந்த வார்த்தை எந்தச் சுருதியில் வந்தது என்று நான் பின்னால் எத்தனையோ தடவை நினைவுபடுத்திப் பார்த்திருக்கிறேன்.

உயிர் தங்கியது. அதற்கு நான் கும்பிடாத சாமி இல்லை. குரல் வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது. உதடும் நாக்கும் அதை வார்த்தையாக்கும், ஆனால் சத்தம் இருக்காது. முழுநாளும் கிசுகிசுப்புதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவளிடம் பேச வருகிறவர்கள் எல்லாரும் தாங்களும் கிசுகிசுக்க ஆரம்பித்துவிடுவார்கள். காது நன்றாகக் கேட்கிறவளிடம் எதற்கு மெதுவாகப் பேச வேண்டும்? ஆனாலும் யாராலும் அடக்க முடியாது. மார்க்கெட்டே அதிரும்படி கூவுகிற மீன்காரம்மா, இவளைப் பார்த்ததும் குரலை இறக்கிக்கொண்டு, "வஞ்சிரம் இருக்குது, வேணுமா?" என்று ரகசியம் சொல்வதுபோலக் கேட்பாள். சுற்றி இருப்பவர்கள் ஏதோ திருட்டு மீன் என்று எட்டிப் பார்ப்பார்கள். அவளுக்கு இதில் சிரிப்பு தாங்காது. சிரிப்பிலும் சத்தம் இல்லை. தோள் மட்டும் குலுங்கும்.

அவள் தேறிவிட்டாள். தேறாதது நான். முன்பெல்லாம் சமையற்கட்டில் பாத்திரம் கழுவும்போது அவள் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். அந்த முணுமுணுப்பு இல்லாத வீட்டில் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. செத்துப்போனவர்களுக்காக ஏங்குவதை ஊர் புரிந்துகொள்ளும். வெளியூர் போனவர்களுக்காக ஏங்குவதையும் புரிந்துகொள்ளும். எதிரே உட்கார்ந்து வெங்காயம் நறுக்குகிறவளுக்காக ஏங்கினால் யாரிடம் போய்ச் சொல்வது? அவளிடமே சொல்ல முடியுமா? எனக்கு வேண்டியது அவள் குரல். ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருந்தது.

அவள் பாடியது ஒரு கேசட்டில் இருந்தது. ஒரு கோயில் திருவிழாவில் மாஸ்டர் தன் டேப் ரெக்கார்டரை மேடையோரம் வைத்துப் பதிந்தது. அதில் கடைசிப் பாட்டின் முடிவில், வாத்தியம் எல்லாம் நின்ற பிறகு, அவள் மட்டும் தனியாக ஒரு ஹம்மிங் பாடுவாள். அந்த இடத்துக்கு நேராக ஓட்டிக் கேட்பேன். மீதியைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பாட்டின் வார்த்தைகள் வந்தால் பட்டென்று நிறுத்திவிடுவேன். ஹம்மிங்கை மட்டும் தாங்க முடிந்தது. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு யோசனை வந்தது. மனுஷத் தொண்டையும் இந்தப் பெட்டியும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன? தொண்டை சத்தம் போடுகிறது, வாய் அதில் வேண்டியதை மட்டும் வெளியே விடுகிறது. வாயை அகலத் திறந்தால் 'ஆ', இழுத்தால் 'ஈ', குவித்தால் 'ஊ'. வாயும் ஒரு ஃபில்டர்தான். பெட்டியில் இன்னும் உயிரோடு இரண்டு ஃபில்டர்கள் இருந்தன. கத்துகிற பகுதியை இரண்டிலும் விட்டு, ஒன்றைக் கீழேயும் ஒன்றை மேலேயும் நிறுத்தினால் 'ஆ' மாதிரி ஒன்று வந்தது. முதல் தடவை வந்தது மாட்டுக்கு வயிற்றுவலி வந்த மாதிரி இருந்தது. ஆனால் அது 'ஆ'தான்.

மில்லில் சங்கு ஊதியதும் நேராக வீட்டுக்கு வந்து பெட்டிமுன் உட்கார்ந்துவிடுவேன். கேசட்டில் ஒரு நொடி, பெட்டியில் ஒரு நொடி. குரல் லேசாக நடுங்குகிற இடத்துக்கு, மெல்ல ஆடுகிற வோல்ட்டேஜ் ஒன்று. ஸ்வரம் ஏறும்போது வாய் திறப்பதற்கு, கட்டையிலிருந்தே ஒரு ஒயர். மூச்சு எடுக்கிற இடத்துக்குக் கொஞ்சம் இரைச்சல். மாதக்கணக்கில் போனது. அவள் அதே கூடத்தில்தான் இருந்தாள். நான் என்ன செய்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். அவள்பாட்டுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். எப்போதாவது எழுந்து வந்து என் தோளைத் தட்டி, ஆறிப்போன காபியைக் காட்டுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் குரல் வந்தது. கேசட்டை நிறுத்திவிட்டு நான் கட்டையை அழுத்தினேன். எது கேசட், எது பெட்டி என்று எனக்கே தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சமையற்கட்டிலிருந்து அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து ஸ்பீக்கர் முன்னால் நிறுத்தி வாசித்தேன்.

கடைசிவரை கேட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் காதருகே குனிந்து, "யாருங்க இது?" என்றாள்.

"நீதான்."

"நானா? நான் இவ்ளோ மேல பாடுனதே இல்ல. இது யாரோ சின்னப் பொண்ணு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கேசட்டைப் போட்டுக் காட்டினேன். பார், அப்படியே இருக்கிறதா இல்லையா என்று கத்தினேன். அவள் நிதானமாகக் கேட்டுவிட்டு, "கேசட்டும் நான் இல்ல," என்றாள். "அன்னிக்கு செல்லு தீந்துபோச்சுன்னு மாஸ்டரு கத்துனாரே, ஞாபகம் இல்லியா? மொதல்லேர்ந்து போடுங்க."

முதலிலிருந்து போட்டேன். ஆரம்பத்தில் என் ஆர்கன் இருக்க வேண்டிய சுருதியில் இருந்தது. பாட்டு போகப் போக, யாரோ கீழிருந்து தூக்குவதுபோல எல்லாமே மெல்ல மேலே ஏறிக்கொண்டே போனது. பதிந்தபோது பேட்டரி தீரத்தீர டேப் மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் மேலே ஏறத்தான் செய்யும். கடைசியில் ஹம்மிங் வருகிற இடத்தில் அவள் அவளாக இல்லை. ஊரில் இருக்கிற ஆர்கனுக்கெல்லாம் சுருதி பார்த்துக் கொடுக்கிறவன் நான். ஒருநாள், ஒரே ஒருநாள் முழுப் பாட்டையும் கேட்டிருந்தால் கண்டுபிடித்திருப்பேன். கேட்கத் துணிவில்லாமல், யாரோ ஒரு சின்னப் பெண்ணின் குரலை மாதக்கணக்கில் செதுக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

டேப் ரெக்கார்டர் மோட்டாரைக் கழற்றி வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். எவ்வளவு குறைப்பது? இடத்துக்கு இடம் வேகம் மாறியிருக்கிறது. ஒரு இடத்தில் ஆண்பிள்ளைக் குரல், ஒரு இடத்தில் குழந்தை. எது அவள் என்று தீர்மானிக்க என் மனசில் அவள் குரல் இருக்க வேண்டும். கண்ணை மூடித் தேடினேன். எத்தனையோ மேடையில் பக்கத்திலேயே இருந்து கேட்ட குரல். இல்லை. அந்தச் சின்னப் பெண்தான் வந்து வந்து நின்றாள். கேசட் என் மனைவியை என் காதிலிருந்து அழித்துவிட்டு வேறு ஒருத்தியை உட்கார வைத்திருந்தது. ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். ஆஸ்பத்திரியில்கூட அப்படி அழுததில்லை.

அவள் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். பிறகு என் தலையைத் தன் பக்கம் இழுத்துக் காதில் சொன்னாள்: "நான் இங்கதானங்க இருக்கேன். என்ன விட்டுட்டு அதுல போய்த் தேடிகினு இருக்கீங்க. அந்தப் பொட்டியில மைக்கு சொருக எடம் இருக்குதா?"

இருந்தது. வெளிச்சத்தத்தை உள்ளே விடுவதற்கென்றே ஓட்டை ஒன்று உண்டு. கித்தாரை ஒருமுறை அதில் விட்டுப் பார்த்திருக்கிறோம். ஆனால் அவளிடம் உள்ளே விட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. வெறும் மூச்சு. அவள் பிடிவாதமாக மைக்கை வாங்கிக்கொண்டாள். கத்துகிற பகுதியைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் மைக்கைச் செருகினேன். ஃபில்டரை விசிலடிக்கும் நிலைக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தி, கட்டையிலிருந்து ஒயரைக் கொடுத்தேன். எந்தக் கட்டையை அழுத்துகிறேனோ அந்தச் சுருதிக்கு ஃபில்டர் போய் நிற்கும். அவள் மைக்கை உதட்டோடு ஒட்டவைத்து 'ஆ' என்று மூச்சுவிட்டாள். நான் ஒரு கட்டையை அழுத்தினேன்.

அந்த மூச்சு பாடியது.

முசியேவின் கடல்தான். இரைச்சலில் எல்லாச் சுருதியும் இருக்கிறது என்று பெட்டியைத் தொட்ட முதல் நாளே எனக்குத் தெரியும். மூச்சும் இரைச்சல்தானே. அவள் கிசுகிசுப்புக்குள் மேல்சுருதி, கீழ்ச்சுருதி எல்லாமே இருந்தன. ஃபில்டர் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. நான் அழுத்திய இடத்தைத் தவிர மற்றதை எல்லாம் ஒதுக்கியது. வந்தது மனுஷக் குரல் இல்லை. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் வருகிற மாதிரி ஒரு சத்தம். ஆனால் அதற்குள்ளே வார்த்தை இருந்தது. அவள் 'வா' என்றால் அது 'வா' என்று பாடியது. அவள் மூச்சு எடுத்தால் அதுவும் எடுத்தது. அவள் நிறுத்தினால் நான் எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தினாலும் வெறும் மௌனம்தான்.

அவள் மைக்கை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். தோள் குலுங்கியது. மறுபடி மைக்கை உதட்டில் வைத்து, பழைய நாளில் பாட்டு முடிந்ததும் சொல்வதுபோலவே, "அண்ணே, சீக்கிரம் வந்துட்டீங்க," என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறின.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் ஒத்திகை. ஸ்வரம் என் விரலில், மூச்சு அவளிடம். இரண்டும் ஒரே நொடியில் சேராவிட்டால் ஒன்றுமே வராது. சண்டையும் வந்தது. எல்லாச் சண்டையும் கிசுகிசுப்பாகவே நடந்ததால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களை ரொம்ப ஒற்றுமையான தம்பதி என்று நினைத்தார்கள்.

மேடையில் பாட வேண்டும் என்று சொன்னது நான்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாஸ்டர் பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கனகசெட்டிக்குளத்துல திருவிழா இருக்குது. ஒரே ஒரு பாட்டு. ஜனங்க எதனா தூக்கி அடிச்சா என்ன கேக்கக் கூடாது," என்றார். மீன்பிடிக்கிற ஊர். கடலுக்கும் மேடைக்கும் நடுவே நாலு படகுதான் நின்றது. புனல் ஸ்பீக்கர்களை அவளுக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்தேன். இல்லாவிட்டால் ஸ்பீக்கர் சத்தமே மைக்கில் திரும்ப நுழைந்து, இந்த ஃபில்டர் ஊளையிட்டே காட்டிக்கொடுத்துவிடும்.

அவள் முதல் அடியைத் தொடங்கியதும் பின்னாலிருந்து ஒருவர், "மைக்க சரி பண்ணுங்கப்பா!" என்று கத்தினார். கொஞ்சம் சிரிப்பு. அவள் நிறுத்தவில்லை. சின்னச் சத்தம் அது. கேட்க வேண்டுமானால் கூட்டம் வாயை மூடித்தான் ஆக வேண்டும். முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் முதலில் அடங்கினார்கள். பிறகு பின்னால் இருந்தவர்கள். இரண்டாவது அடியின் நடுவில் ஜெனரேட்டர் ஒரு தடவை திணறியது. விளக்குகள் மங்கின. பெட்டியின் சுருதி இறங்குவது என் காதுக்கு எட்டுவதற்குள் அவள் மூச்சை நிறுத்திவிட்டாள். விளக்கு பழையபடி எரிந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, தலையசைத்து, விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். இத்தனை மாதம் நான் எதைத் தேடினேனோ அது அந்தத் தலையசைப்பில் இருந்தது. எந்த மேடையிலும் என்னைத் திருத்துகிற அந்தப் பாடகிதான் அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

பெரிய கைதட்டல் என்று சொல்ல மாட்டேன். தட்டினார்கள். கீழே இறங்கியதும் ஒரு அம்மாள் அவளிடம் வந்து, "அது என்னா வாத்தியம்மா?" என்று, வழக்கம்போலக் கிசுகிசுப்பாகவே கேட்டாள். அவள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

திரும்பும்போது வேனில் மாஸ்டர் முன்னால் உட்கார்ந்து, அடுத்த திருவிழாவுக்கு இரண்டு பாட்டாகப் போடலாம் என்று சத்தமாகத் திட்டம் போட்டுக்கொண்டு வந்தார். அவள் என் இடதுபக்கம் இருந்தாள். என் காதோடு வாய் வைத்து, "போதுங்க," என்றாள்.

"ஏன்? நல்லாத்தான இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. ஆசைக்குப் பாடிட்டேன். ஆனா அந்தப் பொட்டி இருந்தா நீங்க அந்தாண்ட போய் ஒக்காந்துகிறீங்க. எனக்குப் பொட்டி வேணாம். கிட்ட வந்தா கேக்கும்ல?"

இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

பெட்டியை அப்புறம் எப்போதாவது வீட்டில் தட்டிப் பார்ப்போம். எண்பதுகளில் குழுக்களுக்கெல்லாம் கைக்கடக்கமான கீபோர்டுகள் வந்தன. பொத்தானை அழுத்தினால் அதற்குள்ளேயே குருவி இருந்தது. எங்கள் பெட்டியின் திருகுகள் பச்சை பூத்து ஒவ்வொன்றாக நின்றன. கடைசி ஃபில்டரும் போனபோது மரத்தைப் பிரித்து அவள் நிஜமாகவே அலமாரி செய்யச் சொன்னாள். எங்களுக்கு அப்போது பெட்டி தேவைப்படவில்லை. சமையற்கட்டில் அவள் முணுமுணுப்பது, பக்கத்தில் போய் நின்றால் மூச்சாகக் கேட்கும். எந்தப் பாட்டு என்று மூச்சு விடுகிற தாளத்தை வைத்தே சொல்லிவிடுவேன். போய் நிற்கப் பழகிக்கொண்டேன். காய் நறுக்கிக் கொடுப்பேன், தேங்காய் துருவுவேன். ஏதாவது ஒரு சாக்கு.

அவள் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. துக்கத்துக்கு வந்த பழைய குழு ஆட்கள், தங்கச்சி பாடின கேசட் இருக்குமே, போட்டுக் கேட்கலாமே என்றார்கள். இருக்கிறது. அது அந்தச் சின்னப் பெண்ணின் கேசட். போட்டுக் கொடுத்துவிட்டு நான் வெளியே வந்து நின்றேன். எனக்கு இப்போது வேண்டியது காதோடு வருகிற அந்த மூச்சு. கல்யாணம் ஆன பிறகு எங்கள் வாழ்க்கையில் பெரும்பங்கு அதில்தான் நடந்தது. ஒன்றையும் பதிந்து வைக்கவில்லை. பதிந்து வைக்க வேண்டிய குரலாக அது எனக்குத் தோன்றியதே இல்லை.

யாராவது பேச வந்தால் இப்போதும் இடது காதை அவர்கள் பக்கம் சாய்த்துக்கொண்டு கிட்டே போகிறேன். கிழவனுக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டு எல்லாரும் சத்தமாகப் பேசுகிறார்கள்.